ஆள் இல்லை என்று சொல்ல வேண்டிய அறை

செத்துப்போன காவல்காரர் ஒருவர் காலை பத்து மணியளவில் சாதிக்காய் மூட்டைகளுக்குப் பின்னால் வந்து நிற்கிறார் என்று நான் நம்பினேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஒரு மிளகு சீசன் முழுக்க நம்பினேன். பரீட்சையில் விஞ்ஞானத்துக்குத் திறமைச் சித்தி வாங்கியவன் நான். அந்தச் சான்றிதழை இப்போது யாருக்கும் காட்டுவதில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சிரிக்க வேண்டிய இடங்களில் தாராளமாகச் சிரிக்கலாம். நானே சிரித்து முடித்துவிட்டேன்.

மாத்தளை டவுனுக்குச் சற்று வெளியே, ஒரு ஹாஜியாருடைய வாசனைச் சரக்கு ஸ்டோரில் அன்றும் இன்றும் நான் ஸ்டோர்கீப்பர். மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ எல்லாம் வரும். முன் ஸ்டோரில் நிறுவையும் துப்புரவும் நடக்கும். பின் ஸ்டோரில் கப்பலுக்குப் போகிற மூட்டைகளைக் கூரை வரைக்கும் அடுக்கியிருப்போம். பின் ஸ்டோருக்கு ஜன்னல் கிடையாது. கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியாக வருகிற வெளிச்சம் மிளகுத் தூசியில் ஒரு தூண் மாதிரி நிற்கும். உள்ளே பேசினால் சத்தத்தை மூட்டைகள் குடித்துவிடும். பக்கத்தில் நிற்பவன் பேசுவதே அடுத்த வீட்டில் பேசுவது போலிருக்கும்.

கப்பலுக்கு அனுப்புவதற்கு முன் பின் ஸ்டோருக்குப் பூச்சி மருந்து வைப்போம். வில்லைகளைத் தட்டில் பரப்பி உள்ளே வைத்து, கதவைச் சாத்தி, இடுக்குகளில் பசை தடவிய தாளை ஒட்டிவிடுவோம். வில்லை காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி மெதுவாக வாயுவாக மாறும். வண்டு சாகும். உள்ளே மனிதன் இருந்தால் அவனும் சாவான்.

அதற்காக ஒரு முறை வைத்திருந்தோம். ஸ்டோர்கீப்பர் பெரிய கதவால் உள்ளே போவார். அடுக்குகளை ஒரு சுற்றுச் சுற்றி யாரும் இல்லையென்று பார்ப்பார். பிறகு, சரக்குக் காயப்போடுகிற முற்றத்துப் பக்கம் திறக்கும் சின்னக் கதவால் வெளியே வந்து, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, "மூடு" என்று கத்துவார். அந்தச் சத்தம் கேட்டதும் பெரிய கதவடியில் நிற்கிற, மூட்டை தூக்கும் நாட்டாமி வில்லைத் தட்டை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவார்.

ஆக, அந்த அறைக்குள் ஆள் இல்லை என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அந்த வேலைக்குச் சம்பளம் வாங்குகிற ஒருவனுக்கு அறைக்குள் ஓர் ஆள் தெரிய ஆரம்பித்தால் என்ன ஆகும்?

முட்டை வைத்தியம்

போர் மறுபடி மூண்டிருந்த கடைசிக் காலம் அது. எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. காலில் ஒரு கீறல் ஆறாமல் கிடக்கிறதே என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சீனி இருக்கிறது என்றார்கள். காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடச் சொல்லிக் குளிசை கொடுத்தார்கள். சீனியை விடுங்கள், சோற்றைக் குறையுங்கள், மாதம் ஒரு தடவை கிளினிக்குக்கு வாருங்கள் என்றார்கள். அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

எங்கள் பெரியப்பாவுக்கும் சீனி வியாதிதான். அவருடைய ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எனக்கும் சீனி என்று தெரிந்த நாள் முதல் நான் குளிக்கும்போதெல்லாம் என் கால்களைப் பார்த்து மனதுக்குள் விடைபெற ஆரம்பித்தேன். இடது கால்மேல் எனக்குக் கொஞ்சம் அன்பு அதிகம். அதனால் போவதென்றால் வலது போகட்டும் என்று முடிவும் எடுத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பில் வேலை செய்கிற மச்சான், என் மனைவி சாந்தியின் அண்ணன், வீட்டுக்கு வந்தார்.

"மச்சான், சோறு, பாண், ரொட்டி, கிழங்கு எல்லாமே சீனிதான். வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணு. வெளிநாட்டுக்காரன் இப்ப முட்டை, இறைச்சி, கீரை, அவ்வளவுதான் திங்கிறான். எங்க மேனேஜர் அப்புடித்தான் செய்றாரு. மனுசன் கம்பி மாதிரி இருக்காரு."

மறுநாளிலிருந்து நானும் கம்பியாகப் புறப்பட்டேன். காலையில் குளிசை, பின்னால் இரண்டு அவித்த முட்டை, ஒரு பிடி வல்லாரை. ஒரு பருக்கை சோறில்லை, ஒரு துண்டு பாணில்லை.

"ரெண்டு முட்டையத் தின்னுட்டு நாள் முழுக்க மூட்டையோட மல்லுக்கட்ட முடியுங்களா?" என்றாள் சாந்தி. "ஒரு ரொட்டியாச்சும் வச்சுக்குங்க."

"ஒங்க அண்ணன் கணக்குல ரொட்டியும் சீனிதான்."

"அவரு கணக்கக் கேட்டுத்தான் எங்கப்பா காணிய வித்தாரு."

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்டோரில் பத்து மணிக்குப் பிளேன்டீ வரும். கராம்பு துப்புரவு செய்கிற ஸித்தி ராத்தாதான் ஊற்றுவார். உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனியை வைத்து, நக்கி நக்கிக் குடிப்பது எங்கள் வழக்கம். நான் கையை மூடிக்கொண்டேன். வெறும் சாயத்தைக் குடித்தேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அடுத்த கிளினிக்கில் என் சீனி நன்றாக இறங்கியிருந்தது. காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. புண்ணும் ஆறியது. "நல்லா கன்ட்ரோல் பண்றீங்க" என்றார் நர்ஸ். நான் சோற்றை முழுக்க விட்டதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏசுவார் என்று பயம். குளிசை அதே அளவில் தொடர்ந்தது.

சாதிக்காய் அடுக்குக்குப் பின்னால்

முதலில் வந்தது ஆள் அல்ல, குளிர்.

பின் ஸ்டோரில் மூட்டைகளுக்கு லேபல் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல வெயில். திடீரென்று பிடரியில் யாரோ ஈரத்துணியைப் போட்ட மாதிரி இருந்தது. தொட்டுப் பார்த்தால் வியர்வை, ஆனால் சில்லென்று இருந்தது. உதடு விறைத்தது. கராம்பு மூட்டைக்குப் பக்கத்தில் நின்றால் உதடு விறைப்பது புதிதல்ல என்று நினைத்தேன். லேபலில் இருந்த எழுத்துகள் இரண்டிரண்டாகப் பிரிந்து, ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் மிதந்தன. கை நடுங்கியது. காரணமே இல்லாமல் ஒரு பயம், எதைப் பற்றியென்று இல்லாத பயம், அடிவயிற்றிலிருந்து ஏறியது. யாரோ என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது போலத் திரும்பினேன்.

சாதிக்காய் அடுக்குக்குப் பின்னால், வெளிச்சத் தூணுக்கு அந்தப் பக்கம், ஒருவர் நின்றார். முகம் தெரியவில்லை. இடுப்பில் சாரம் கட்டியிருந்தார். ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தது. ஒன்றும் செய்யவில்லை. சும்மா நின்றார். நான் வெளியே வந்தால் போகலாம் என்று காத்திருக்கிறவர் மாதிரி.

"யாரு?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே தூரத்திலிருந்து கேட்டது.

முன் ஸ்டோருக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. நாட்டாமி முருகேசு என்னைப் பிடித்து உட்கார வைத்தான்.

"என்ன அண்ணே, மூஞ்செல்லாம் சுண்ணாம்பாட்டம் இருக்கு?"

"உள்ள யாரு?"

"யாருமில்லீங்களே. நான்தானே சாவி வச்சிருக்கேன்."

ஸித்தி ராத்தா கையிலிருந்த கராம்பைக் கீழே போட்டார். அந்த ஸ்டோரில் எங்கள் எல்லாரையும்விடப் பழையவர் அவர்.

"சாரமா? ஒரு தோள் எறங்கியா?" என்று கேட்டார். "அது பியதாச காக்கா மாதிரியெல்லோ ஈக்கு."

பியதாச என்பவர் அந்த ஸ்டோரின் பழைய காவல்காரர். இளைஞர்களை வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போன அந்தக் கெட்ட காலத்தில், ஒரு மாலை ஆமி ஜீப்பொன்று வந்தது. அவர் மகனைத் தேடி வந்தார்கள், அவரைக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. அவரைப் பற்றி ஸ்டோரில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதனால்தான் ராத்தா கேட்டதும் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அதற்குப் பிறகு அடிக்கடி வந்தார். அநேகமாகப் பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில். சில நாள் உருவம் தெரியாது, குளிர் மட்டும் வரும். சில நாள் முன் ஸ்டோரிலேயே, ஆட்கள் நடுவிலேயே பிடித்துவிடும். எதிரில் நிற்கிற முருகேசுவின் முகம், தெரிந்த முகமாக இருந்துகொண்டே யாரோ ஒருவருடைய முகமாக மாறும். வாய் அசையும், சொல் வராது. ஒரு நாள் தராசு முள் என்னைப் பார்த்துத் தலையாட்டியது. நான் பதிலுக்கு ஆட்டினேன். பார்த்துக்கொண்டிருந்த மிளகு வியாபாரி தன் மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மருந்து வைக்கிற நாள்தான் பெரிய கொடுமை. நிற்கிறவர் ஆவியென்றால் மூடலாம். மனிதனென்றால் மூடினால் கொலை. ஒவ்வொரு தடவையும் நடுங்கிக்கொண்டே அந்த மூலை வரைக்கும் போய், கையை நீட்டித் துழாவிப் பார்த்து, மூட்டையைத் தவிர ஒன்றுமில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டுதான் வெளியே வருவேன். வெளியே வந்து "மூடு" என்று கத்தியதும் நெஞ்சுக்குள் ஒரு கேள்வி கிடந்து அடிக்கும். சரியாகப் பார்த்தோமா?

மும்மத மருந்து

பயத்தை மறைக்கிற பழக்கம் எனக்கில்லை. ஸ்டோர் முழுக்கச் சொல்லிவிட்டேன். எல்லாரும் நம்பினார்கள், உதவியும் செய்தார்கள்.

ஸித்தி ராத்தா தங்கள் பள்ளிவாசல் லெப்பையிடம் போய்ச் சீனி ஓதி வாங்கி வந்தார். வெள்ளைத் தாளில் மடித்த பொட்டலம். "பயம் வரக்கொள்ள பிஸ்மி செல்லி ஒரு பிடி வாயில போடுங்க மகன்" என்றார். எனக்கு அவருடைய மகன் வயதில்லை, ஆனால் பேய் பிடித்தவன் எல்லாருக்கும் பிள்ளைதான்.

அடுத்த தடவை குளிர் ஏறியதும் போட்டேன். நாக்கில் கரைந்து முடிந்து கொஞ்ச நேரத்துக்குள் நடுக்கம் நின்றது. எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மூலையில் மூட்டைகள் மட்டும் இருந்தன. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

சாந்தி விடுவாளா? எங்கள் பக்கத்துக் கோயில் பூசாரியிடம் கூட்டிப்போனாள். அவர் வேப்பிலை அடித்து, திருநீறு போட்டு, இலையில் சக்கரைப் பொங்கலும் வாழைப்பழமும் வைத்தார். "பூராவும் சாப்பிட்டுட்டுத்தான் எந்திரிக்கணும்." சாப்பிட்டேன். அன்று முழுவதும் பியதாச எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நாவுலப் பக்கம் பேயோட்டுகிற சிங்களக் கட்டாடியா ஒருவர் கெட்டிக்காரர் என்று கேள்விப்பட்டு அங்கேயும் போனேன். அவர் ஒரு செவ்விளநீரை மந்திரித்து, சீவி, ஒரே மூச்சில் குடிக்கச் சொன்னார். அதுவும் வேலை செய்தது.

மூன்று மதத்திலும் ஒரே குணம். கடவுள் ஒருவரே என்று ஸ்டோரில் பிரசங்கமே செய்தேன். "அண்ணே, மூணு பேருக்குமா பியதாச பயப்புடுறாரு? அவரு உயிரோட இருந்தப்ப ஹாஜியாருக்கே பயப்புடலியாம்" என்றான் முருகேசு. அந்தக் கேள்வியில் விஷயம் இருந்தது. நான்தான் கவனிக்கவில்லை.

மூன்றிலும் எனக்குப் பிடித்தது ஓதின சீனிதான். சட்டைப் பையில் வைக்கலாம், மிளகு வாசத்தில் கெட்டும் போகாது. சீனி வியாதிக்காரன் சீனி தின்னலாமா என்று ஒரு தடவை மனதில் வந்தது. ஓதினது சீனிக் கணக்கில் சேராது, மருந்துக் கணக்கில் சேரும் என்று நானே எனக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ஒரு துண்டு ரொட்டிக்குப் பயந்து நடுங்கியவன், பொட்டலம் பொட்டலமாகச் சீனி நக்கினேன்.

வெள்ளைப் பொடி

அன்று கப்பலுக்குப் போகிற ஒரு பெரிய லொட்டுக்கு மருந்து வைக்க வேண்டிய நாள். வழக்கம் போலக் குளிசை, இரண்டு முட்டை, சட்டைப் பையில் பொட்டலம், பஸ்.

வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தினார்கள். எங்கேயோ குண்டு வெடித்த செய்தி வந்திருந்த வாரம். எல்லாரையும் இறக்கினார்கள். தமிழர்களைத் தனி வரிசையில் விட்டார்கள். இதெல்லாம் அப்போது பல் விளக்குவது மாதிரி. அடையாள அட்டையை நீட்டினேன். சிப்பாய், சின்ன வயதுப் பையன், என் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துப் பொட்டலத்தை எடுத்தான். பிரித்தான். வெள்ளைப் பொடி.

"மே மொகத்த?" இது என்னவென்று கேட்கிறான்.

"சீனி" என்றேன்.

"சட்டைப் பையிலா?"

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனால் இறந்துபோன காவல்காரருடைய ஆவியைத் துரத்துவதற்காக லெப்பை ஓதிக் கொடுத்தது என்பதை எந்த மொழியிலும் அந்த இடத்தில் சொல்ல முடியாது. அதுவும் அவரைக் கொண்டுபோனது யார் என்பதை நினைத்துக்கொண்டு.

"தேத்தண்ணிக்கு" என்றேன்.

"கடையில் தேத்தண்ணியோடு சீனி தரமாட்டார்களா?"

அவனுடைய மேலதிகாரி ஒருவர் வந்து முகர்ந்தார். நக்கிப் பார்க்கச் சொன்னார், என்னை. நக்கினேன். சாகவில்லை. அப்படியும் பொட்டலத்தைத் திருப்பித் தரவில்லை. அவர்களே சாக்கடையில் கொட்டிவிட்டு என்னைப் போகச் சொன்னார்கள். வரிசையில் நின்ற நேரத்தில் வெயில் ஏறிவிட்டது. பஸ் போய்விட்டிருந்தது. ஸ்டோருக்கு மிச்ச தூரத்தை நடந்தும் ஓடியும் போனேன்.

பத்து மணிப் பிளேன்டீ முடிந்திருந்தது. முருகேசு தட்டுகளுடன் தயாராக இருந்தான். ஹாஜியார் கப்பலுக்கு நாள் நெருங்கிவிட்டதென்று கத்திக்கொண்டிருந்தார். பிடரியில் ஈரத்துணி விழுந்தது. பையைத் தொட்டேன். காலி.

ஒரு நாள் தானே, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடலாம் என்று உள்ளே போனேன்.

உள்ளிருந்து வந்த குரல்

எனக்கு நினைவிருப்பது இவ்வளவுதான். வெளிச்சத் தூண் இரண்டாக நின்றது. அடுக்குகள் நான் நடக்க நடக்க நீண்டுகொண்டே போயின. மூலையில் அவர் நின்றார். இந்தத் தடவை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எனக்கு இடம் விடுகிறவர் மாதிரி கொஞ்சம் ஒதுங்கினார். பிறகு சின்னக் கதவு வந்தது. அதைத் தாண்டினேன், அல்லது தாண்டியதாக நினைத்தேன். தாழ்ப்பாளைப் போட்டேன். மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தது மிக வசதியாக இருந்தது.

மிச்சம் மற்றவர்கள் சொல்லிக் கேட்டது.

"மூடு" என்று நான் கத்தியிருக்கிறேன். கதவுக்கு வெளியே வந்தல்ல. தாழ்ப்பாளை உள்பக்கமாகப் போட்டுவிட்டு, சாதிக்காய் அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு. முருகேசுவுக்குச் சத்தம் கேட்டது. முறைப்படி தட்டைத் தள்ளினான், கதவைச் சாத்தினான், பசைத்தாளை ஒட்டினான். நான் முற்றத்தால் சுற்றி வந்துகொண்டிருப்பேன் என்று நினைத்தான்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து முனகல் கேட்டது. பிறகு பேச்சு. நாக்குத் தடித்த, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட குரல். மூட்டைகள் பாதிச் சத்தத்தைக் குடித்து மீதியை அனுப்புகிற குரல்.

ஒரு சீசன் முழுக்க அந்த அறையில் ஆவி இருக்கிறதென்று நான் பிரசாரம் செய்து வைத்திருந்தேன். அது நன்றாக வேலை செய்தது. முருகேசு பசை வாளியைப் போட்டுவிட்டு ரோட்டுக்கே ஓடினான். துப்புரவுப் பெண்கள் முற்றத்தில் போய் ஒன்றாக நின்றார்கள். ஸித்தி ராத்தா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு ஓத ஆரம்பித்தார். ஓதுகிற சத்தம் கூடக்கூட உள்ளே குரலும் கூடியதாம். ஹாஜியார் பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்பினார். கதவைத் திறக்க யாரும் போகவில்லை. ஸ்டோர்கீப்பர் எங்கே என்று கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த நேரம் நாவுலயிலிருந்து மிளகு கொண்டுவரும் லொறிக்காரர் பண்டா, பில்லில் கையெழுத்துக்காக என்னைத் தேடி வந்தார். மாதம் ஒரு தடவைதான் வருவார். அவருக்கு எங்கள் ஆவி விவகாரம் எதுவும் தெரியாது. கதவடியில் நின்று காதைக் கொடுத்திருக்கிறார்.

"ஏன் உள்ளே ஆளைப் போட்டு மூடினது?" என்று கேட்டாராம்.

"அது ஆளில்ல, ஆவி" என்று தூரத்தில் நின்றபடியே சொன்னான் முருகேசு. "போயிருங்க, பண்டா அய்யே. பக்கத்துல நிக்காதீங்க."

பண்டா இன்னொரு தடவை காதைக் கொடுத்தார்.

"ஆவி எனக்கு எதுக்குத் திட்டுறது? மிளகில பப்பாசி விதை இருக்கு, பப்பாசி விதை இருக்கு, திருப்பிக் கொண்டு போ சொல்றது. இந்த லோகத்தில அப்படிச் சொல்றது ஒரு ஆள்தான். அது ஸ்டோர்கீப்பர் மாத்தியா."

அப்போதுதான் முருகேசு என்னைச் சுற்றுமுற்றும் தேடியிருக்கிறான். பசைத்தாளை நகத்தால் கிழித்து, கதவைத் திறந்து, தட்டை வெளியே இழுத்துவிட்டு, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினார்கள் இருவரும். அன்று காய்ந்த வெயில், காற்றில் ஈரம் குறைவு. வில்லைகள் இன்னும் முழுசாகவே இருந்தன. நான் சாதிக்காய் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நனைந்த கோழி மாதிரி கிடந்தேனாம். தூக்க வந்த முருகேசுவைப் பார்த்து, "சிங்களத்தில பேசு பியதாச, எனக்கு வெளங்கும்" என்றேனாம்.

பண்டா தன் லொறியிலேயே என்னையும் முருகேசுவையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

குத்திப் பார்த்த விரல்

வாயுதான் காரணமென்று முருகேசு டொக்டரிடம் சொன்னான். ஆவிதான் என்று ராத்தா சொல்லி அனுப்பியிருந்தார். டொக்டர் இளம் பெண். இரண்டையும் கேட்டுக்கொண்டே நர்ஸைக் கூப்பிட்டு என் விரலைக் குத்தச் சொன்னார். மெஷினில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு நர்ஸ் இன்னொரு விரலையும் குத்தினார். அதே மாதிரிதான் வந்தது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு படம் ரீல் மாற்றினது மாதிரி உலகம் திரும்பி வந்தது. மேலே மின்விசிறி. பக்கத்தில் சாந்தி. காலடியில் பண்டா, பில்லும் கையுமாக.

டொக்டர் நிதானமாகக் கேட்டார், கொஞ்சம் தமிழிலும் கொஞ்சம் சிங்களத்திலும்.

"சீனிக் குளிசை போடுறீங்களா?"

"போடுறேங்க. தவறாமப் போடுறேன்."

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ரெண்டு முட்டை."

"வேற?"

"வல்லாரை."

"எத்தனை நாளா?"

சாந்தி இடையில் புகுந்தாள். "நாளா? மாசக் கணக்கா அப்புடித்தாங்க டொக்டர். ரொட்டி சுட்டு வச்சா ரொட்டியவே பேயப் பாக்குற மாதிரிப் பார்ப்பாரு."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சோற்றைக் குறைத்தது பிழையில்லை, பலருக்கு அது நல்லதும்கூட என்றார். சொல்லாமல் குறைத்ததுதான் பிழை. சோறு குறைந்தால் குளிசையும் குறைய வேண்டும். அந்தக் குளிசை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும். மூளைக்குச் சீனி போதாமல் போனால் வியர்க்கும், நடுங்கும், பயம் வரும், பேச்சுக் குழறும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

"அப்ப ஓதின சீனி?" என்று கேட்டேன்.

"ஓதினதோ ஓதாததோ, சீனிதானே" என்றார். "அதுதான் உங்களை இத்தனை நாள் காப்பாத்தியிருக்கு."

குளிசையின் வேகம் அடங்குகிற வரைக்கும், மறுநாளும் என்னைப் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். பண்டாவின் பில்லில் படுத்தபடியே கையெழுத்துப் போட்டேன். பப்பாசி விதையைப் பற்றி அந்த ஒரு தடவை நான் ஒன்றும் பேசவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, மருந்து வைக்கிற அறையைச் சத்தத்தை நம்பி மூடாதீர்கள். உள்ளே போனவர் வெளியே வந்து, மூடுகிறவரின் முன்னால் நின்று, முகத்துக்கு முகம் பார்த்த பிறகுதான் கதவு சாத்த வேண்டும். எங்கள் ஸ்டோரில் மறுவாரமே அப்படி மாற்றினோம். முருகேசு என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மூடுவான். சூடாக இருக்கிறதா என்று பார்க்கிறானாம். இரண்டாவது, சாப்பாட்டை மாற்றினால் குளிசை கொடுத்தவரிடம் போய்ச் சொல்லுங்கள். ஏசினால் ஏசட்டும்.

ஸித்தி ராத்தா கடைசி வரைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. டொக்டர் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பார். அவரோடு வாதாட எனக்கு மனமில்லை. சில நாள் பத்து மணி வெளிச்சத்தில் அந்த மூலையைத் தாண்டும்போது நானும் இன்றுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகிறேன். மூட்டைகள்தான் இருக்கின்றன.

நடந்தது இதுதான். எனக்குத் தந்த குளிசை, காலையில் நாலு இடியப்பமோ இரண்டு ரொட்டியோ சாப்பிடுகிறவனுக்கான அளவு. நான் அதைப் போட்டுவிட்டு இரண்டு முட்டையோடு எழும்பிப் போனேன். பத்து மணிக்கு இரத்தத்தில் சீனி இறங்கியது. அந்த அறையில் ஒவ்வொரு தடவையும் இருந்தது நான் ஒருவன் மட்டும்தான்.